காணாமல் போனவனைத் தேடும் கதை

கேள்வி: முதல் உலகப்போரில் காணாமல் போன காதலனைத் தேடி ஓர் இங்கிலாந்துப் பெண் அலைவதாகத் துப்பறியும் நாவல் எழுதுகிறேன். ராணுவமே கைவிட்ட ஆளைச் சாதாரணப் பெண் தேடுகிறாள் என்றால் நம்புவார்களா? துணைக்கு ஒரு போலீஸ் அதிகாரியைச் சேர்க்கலாமா?

பதில்: போலீஸ் அதிகாரியை முதல் அத்தியாயத்திலேயே ரயிலேற்றி அனுப்பிவிடுங்கள். பிரிட்டிஷ் ராணுவம் நெருங்கிய உறவினருக்குத்தான், அதாவது மனைவிக்கோ பெற்றோருக்கோதான் தகவல் அனுப்பும்; காணாமல் போனவன் ராணுவ அதிகாரி என்றால் தந்தி, சிப்பாய் என்றால் தபாலில் ஓர் அச்சிட்ட படிவம். நிச்சயம் மட்டும் ஆன பெண்ணுக்கு ஒன்றும் வராது. அவள் தேட அந்தக் காரணம் போதும். அவனுடைய அம்மாவுக்கு இவளைப் பிடிக்காது என்று வைத்துக்கொண்டால் கதை அங்கேயே சூடு பிடித்துவிடும்.

அப்புறம் அவள் போவது செஞ்சிலுவைச் சங்கத்துக்கு. காணாமல் போனவர்களை விசாரிக்க அங்கே தனிப் பிரிவே இருந்தது. பெயர்ப் பட்டியலோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், அதே பட்டாலியனில் காயம்பட்டவர்களிடம் கட்டில் கட்டிலாகக் கேட்பார்கள். பாலைவனப் பயணங்களுக்குப் பெயர்பெற்ற கெர்ட்ரூட் பெல்கூட 1914 கடைசியில் பிரான்ஸின் பூலோன் நகர அலுவலகத்தில் இந்தக் கோப்புகளோடுதான் மல்லுக்கட்டினார். ஒருவன் குண்டு விழுந்து செத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்பான், இன்னொருவன் அதே ஆளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனதாகச் சொல்வான், இரண்டு பேரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், ஒரே குடும்பப் பெயரில் இரண்டு சிப்பாய்கள் இருந்திருக்கலாம். ஒரு பத்து அத்தியாயம் இதிலேயே ஓடும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள், கதையை 1916 செப்டம்பருக்கு முன்னால் வையுங்கள். அதுவரை பிரிட்டிஷ் சிப்பாய்க்கு கழுத்தில் மாட்டும், பெயர் பொறித்த அடையாள வில்லை ஒன்றே ஒன்றுதான். இறந்ததற்கு அத்தாட்சியாக அதைக் கழற்றிவிட்டால் உடலுக்குப் பெயரில்லை. உடலோடேயே விட்டுவைக்க இன்னொரு வில்லை பிறகுதான் வந்தது. ஆக, செத்தது உறுதி, எந்தக் குழி என்று தெரியாது, வில்லனே தேவையில்லை.

கேள்வி: சரி, கடைசியில் அவன் நினைவிழந்து உயிரோடு வந்தால்?

பதில்: சினிமாத்தனம் என்று ஒதுக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் பிரான்ஸில் 1918-இல் அப்படி ஒருவர் வந்தார், ஆந்தெல்ம் மாங்கன் என்று அழைத்தார்கள். பல குடும்பங்கள் என் மகன், என் கணவன் என்று உரிமை கோரின, விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று, அவரோ 1942-இல் மனநல விடுதியிலேயே இறந்தார். அவனைத் திரும்ப வரவைப்பதானால் உங்கள் நாயகியைத் தனியாக நிறுத்தாதீர்கள், அவனைத் தன்னுடையவன் என்று சொல்லும் இன்னும் நாலு பெண்களையும் கூடவே வாசலில் நிறுத்துங்கள்.