தனியா வெளிய விடமாட்டேங்குறாங்கன்னு கேட்ட தங்கச்சிக்கு

23 வயசாகியும் தெருமுனை வரைக்கும்கூட அப்பா கையைப் பிடிச்சுதான் போகணும், கேட்டா வீட்ல சண்டைன்னு எழுதியிருந்தீங்க. எனக்கும் பார்வை கிடையாது, இதே சண்டையை நானும் போட்டவதான், கத்தி ஒண்ணும் நடக்கல. உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல, கேன், அதான் நாம தரையைத் தொட்டுப் பார்த்து நடக்கற வெள்ளைக் கைத்தடி, எப்படி வேலை செய்யுதுன்னு அவங்க பார்த்ததே இல்ல, அதான் பயம். முதல்ல மொபிலிட்டி ட்ரெய்னிங் (கேன் வச்சு தனியா நடக்கப் பழகுற பயிற்சி) ஒழுங்கா முடிங்க, வலது கால் முன்னாடி போறப்ப கேன் நுனி இடது பக்கம் தரையைத் தொடணும், அதாவது அடுத்த காலடி விழப்போற இடத்தை கேன் முன்னாடியே பார்த்துடும், இது கை தானா செய்யற அளவுக்கு வந்ததும் ட்ரெய்னர்கிட்ட சொல்லி ஒரு கிளாஸுக்கு அம்மாவைக் கூப்பிடுங்க, பத்தடி பின்னாடி வாயே திறக்காம வரணும் (எங்கம்மா ரெண்டு தடவ "பள்ளம்"னு கத்திட்டாங்க, அது வேற கதை). கேன் பள்ளத்துல இறங்குனதும் நான் நின்னதை நேர்ல பார்த்தப்புறம்தான் அவங்க பேச்சே மாறுச்சு.

லொகேஷன் ஷேர் பண்ணச் சொன்னா ஒரு மாசம் பண்ணுங்க, ஆனா எப்ப நிறுத்துவோம்னு அன்னைக்கே பேசிடுங்க, இல்லன்னா அதுவே இன்னொரு கயிறு. தனியா ரோடு கிராஸ் பண்றதை கடைசில வச்சுக்கோங்க. ஆமா, உங்க கேன் நெஞ்செலும்பு உயரமாச்சும் இருக்கா? குட்டையா இருந்தா முதல்ல அதை மாத்துங்க.