80 கிலோ எடைக்கு எந்த ஸ்லாலம் ஸ்கீ?

கேள்வி: படகு இழுக்க, ஒரே பலகையில் இரு கால்களையும் வைத்து நீர்மேல் சறுக்கும் ஸ்லாலம் ஸ்கீ வாங்க வேண்டும். எடை 80 கிலோ, படகு மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் இழுக்கிறது. எந்த நீளம் வாங்கலாம்?

உயரத்தை மறந்துவிடுங்கள், எடையும் படகின் வேகமும்தான் கணக்கு. உங்களுக்கு 68 அங்குலம், முன்பாதி அகலமான வகை. அதே எடைக்காரர் 55 கி.மீ.யில் ஓட்டினால் 67 போதும். இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால் பெரியதையே எடுங்கள்.

சிறியது வாங்கினால் வால் நீரில் அமிழும். ஆழ்நீரில் மிதந்தபடி இருந்து எழும்போதே கை ஓய்ந்துவிடும். மிகப் பெரியதோ விளிம்பில் சாயாது, திருப்பத்தில் வழுக்கும்.

அடிப்பகுதிக் குழிவு விளிம்புவரை போகும் போட்டி ஸ்கீ இப்போது வேண்டாம், சின்னப் பிழையையும் பொறுக்காது. முன்காலை மாட்டும் பூட்ஸுக்குள் குதிகால் மேலெழக்கூடாது. பின்காலுக்கு விரல் நுழைக்கும் பட்டை போதும்: எழுந்த பிறகுகூட நுழைக்கலாம். ஃபின்னை (வாலின் அடியில் உள்ள துடுப்புத் தகட்டை) மட்டும் தொடாதீர்கள், தொழிற்சாலை அளவிலேயே இருக்கட்டும்.