ஈர விறகு – கடிதம், பதில்

அன்புள்ள சார்,

இயற்பியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் தோரியம் பல நூறு ஆண்டுகளுக்கு நமக்கு மின்சாரம் தரும், வெளிநாட்டுச் சதியால்தான் அதைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன். எட்டு கிராம் தோரியத்தில் கார் நூறு வருடம் ஓடுமாமே? அணு இயற்பியலில் மேற்படிப்புக்குப் போகலாமா?

க.

அன்புள்ள க.,

காரை விடுங்கள். சதியையும் விடுங்கள். இயற்பியல் படிக்கிற பிள்ளை, வாட்ஸப்பில் வந்ததைப் பாடப்புத்தகத்தோடு ஒரு தடவை ஒத்துப்பார்க்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

தோரியம் தானாக எரியாது. எத்தனை முறை சொன்னாலும் இது யார் காதிலும் ஏறுவதில்லை. அது ஈர விறகு. எரிகிற அடுப்பின் பக்கத்தில் வைத்து உலர்த்தலாம். அதைக் கொண்டே அடுப்பைப் பற்றவைக்க முடியாது. உலையில் மெதுவாக வரும் நியூட்ரான் தோரியம் 232இல் மோதினால் அணு பிளப்பதில்லை, நியூட்ரானை விழுங்கிக்கொள்கிறது. பிறகு புரோட்டாக்டினியம் என்ற வேறொரு தனிமம் ஆகிறது. அதில் பாதி யுரேனியம் 233 ஆக மாறவே 27 நாள். அதுதான் பிளந்து வெப்பம் தரும். சரி, முதல் நியூட்ரானை யார் கொடுப்பது? யுரேனியமோ புளூட்டோனியமோதான் கொடுக்க வேண்டும். நம் அணுசக்தித் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஹோமி பாபா 1954லேயே மூன்று படிகளாகத் திட்டம் போட்டது இதனால்தான்: இயற்கை யுரேனியம், அதிலிருந்து வரும் புளூட்டோனியத்தில் ஓடும் ஈனுலை (ஓடிக்கொண்டே புது எரிபொருளையும் உண்டாக்கும் உலை), அப்புறம் தோரியம். கல்பாக்கத்தில் யுரேனியம் 233இல் ஓடும் காமினி உலை 1996இல் இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 30 கிலோவாட். மின்சாரத்துக்கு அல்ல, நியூட்ரானால் பொருள்களின் உட்புறத்தைப் படம்பிடிக்க. யாரும் எதையும் பூட்டி வைக்கவில்லை, தம்பி.

எங்கள் ஊர் குளச்சல் பக்கம். கல்யாண வீடுகளில் பெட்ரோமாக்ஸ் ஏற்றுவது என் பெரியப்பாதான். பட்டுத்துணி போன்ற மேண்டிலை நூலால் கட்டி, தீ காட்டுவார். துணி கருகிச் சுருங்கி, வலை போல வெள்ளைச் சாம்பல் மட்டும் தொங்கும். "தொடாதே மக்கா, உதிர்ந்துவிடும்" என்பார். பம்பை அடித்ததும் பந்தல் முழுக்கப் பால் வெளிச்சம். அந்தச் சாம்பல் தோரியம் ஆக்சைடு. கதிரியக்கத்தால் அல்ல, சூட்டால் ஒளிர்ந்தது. 3,300 டிகிரி தாண்டினால்தான் உருகும். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் உள்ள தாதுவான மோனசைட்டைக் கண்டுகொண்டதும், அதை வெட்டி எடுக்க ஆள் வந்ததும் இந்த மேண்டிலுக்காகத்தான். நாங்கள் காலில் மிதித்து நடந்த மணல் அது.

மேற்படிப்பு கேட்டிருந்தீர்கள். சேருங்கள். ஆனால் வேதியியலை விட்டுவிடாதீர்கள். தொட்டால் உதிர்கிற அந்தச் சாம்பல் நைட்ரிக் அமிலத்தில் லேசில் கரையாது. உலையில் வைத்து எடுத்த தோரியம் ஆக்சைடிலிருந்து யுரேனியம் 233ஐப் பிரிக்க முதலில் அதைக் கரைத்தாக வேண்டும். கூடவே வரும் யுரேனியம் 232 சிதைந்து உண்டாகும் தனிமங்கள் கடுமையான காமாக் கதிரை வீசும் என்பதால், வேலை முழுவதும் தடித்த சுவருக்குப் பின்னால் இயந்திரக் கைகளால்தான். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்க உங்களைப் போன்ற பிள்ளைகள் வேண்டும்.