ஆறு ஆதாரங்களும் அன்றாட யோகப் பயிற்சியும்: வாசகர் கேள்வி – பதில்

முதுகுத்தண்டு நெடுக இருப்பதாக யோக மரபு சொல்லும் ஆறு ஆதாரங்களை, அதாவது சக்கரங்களை, யோகப் பயிற்சியால் சமன் செய்வது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி: “உங்கள் விசுத்திச் சக்கரம் அடைபட்டிருக்கிறது, அதனால்தான் மனத்தில் பட்டதை வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிறீர்கள்” என்று ஒரு பயிற்சியாளர் என் கழுத்துக்கு நேரே கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். அதைத் திறப்பதற்குத் தனி வகுப்பில் சேர வேண்டும் என்றும் சொல்கிறார். இதை நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். ஒருவருடைய சக்கரம் திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்று இன்னொருவர் கையை நீட்டியோ கருவியை வைத்தோ கண்டறிவதற்கு மருத்துவத்தில் எந்த அடிப்படையும் கிடையாது. ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் கற்பிக்கும் ஹட யோகத்தின் மூல நூல்களும் அப்படியொரு சோதனையைச் சொல்லவில்லை.

சக்கரங்கள் உடலை அறுத்தால் கண்ணுக்குத் தென்படும் உறுப்புகள் அல்ல. பின்னாளில் ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதி, குருவைத் தேடி அலைந்த காலத்தில், கங்கையில் மிதந்து வந்த ஒரு சடலத்தைக் கரைக்கு இழுத்துக் கத்தியால் அறுத்துப் பார்த்தார். பிராணன் என்னும் உயிர்மூச்சு ஓடும் வழிகளாகச் சொல்லப்படும் நாடிகளையும் சக்கரங்களையும் பற்றித் தாம் படித்திருந்த வருணனைகளோடு உள்ளே கண்டவற்றை ஒப்பிட்டபோது எதுவுமே பொருந்தவில்லை. அந்த நூல்களைக் கிழித்துச் சடலத்தோடு சேர்த்து ஆற்றிலேயே எறிந்துவிட்டார். இதை அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். சோதித்துப் பார்க்கத் துணிந்த அவருடைய நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அந்த நூல்கள் உடற்கூறு சொல்ல வந்தவை அல்ல, தியானத்துக்கு வழி சொல்ல வந்தவை என்பதே என் உறுதியான கருத்து. தாந்திரிக ஆசிரியர் பூர்ணானந்தர் 1577இல் இயற்றிய, சக்கரங்களை விவரிக்கும் வடமொழி நூலான ஷட்சக்ர நிரூபணத்தைப் பாருங்கள். மூலாதாரத்துக்கு 4 இதழ், சுவாதிட்டானத்துக்கு 6, மணிபூரகத்துக்கு 10, அநாகதத்துக்கு 12, விசுத்திக்கு 16, ஆக்ஞைக்கு 2 என்று மொத்தம் 50 இதழ்களை வைத்து, ஒவ்வோர் இதழிலும் வடமொழி எழுத்து ஒன்றை அமர்த்துகிறார் அவர். மொழியின் எழுத்துகள் முழுவதையும் தன் உடலுக்குள் வரிசையாக நிறுத்தி, மனத்தை அவற்றின்மீது ஊன்றச் செய்யும் முறை இது. அந்த இதழ்களைக் கத்தி முனையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

“அடைப்பு” என்ற எண்ணம் மட்டும் முற்றிலும் புதியதல்ல. நாடிகளில் மாசு நிறைந்திருக்கும்வரை பிராணன் நடுநாடியாகிய சுழுமுனைக்குள் செல்லாது என்கிறது ஹட யோக மூல நூல்களில் ஒன்றான ஹட யோக பிரதீபிகை. ஆனால் அதற்கு அந்நூல் சொல்லும் பரிகாரம் எல்லோருக்கும் ஒன்றுதான்: இடகலை, பிங்கலை என்ற இரு நாசி வழிகளிலும் மாற்றி மாற்றி மூச்சை நடத்தும் நாடிசுத்தியை 3 மாதம் இடைவிடாமல் செய்து வருவது. உங்களுக்கு விசுத்தி, பக்கத்து வீட்டுக்காரருக்கு அநாகதம் என்று பிரித்துச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. மேலும், மனத்தில் உள்ளதைச் சொல்ல முடியாமல் போவதற்கு அச்சம், வளர்ந்த சூழல், கேட்பவரின் சுபாவம் என எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். தொண்டையில் ஒரு குறை இருப்பதாக எண்ணிக்கொண்டு அவற்றைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஒவ்வொரு சக்கரத்துக்கும் உரிய ஆசனங்கள் எவை? காலையில் எனக்கு 40 நிமிடம் கிடைக்கும். அதற்குள் அடங்கும்படி ஒரு முறையைச் சொல்ல முடியுமா?

பதில்: இந்த ஆசனம் இந்தச் சக்கரத்துக்கு என்று இன்று புழங்கும் பட்டியல்கள் மிக அண்மைக் காலத்தில் தொகுக்கப்பட்டவை. ஹட யோக பிரதீபிகை 15 ஆசனங்களை விவரித்தாலும் அவற்றைச் சக்கரவாரியாகப் பிரித்துத் தரவில்லை. அதற்காகப் பட்டியல்கள் அனைத்தும் வீண் என்று நான் தள்ளிவிட மாட்டேன். ஓர் ஆசனம் உடலின் எந்தப் பகுதியை நீட்டியும் அழுத்தியும் உணரச் செய்கிறதோ, அந்தப் பகுதியில் சற்று நேரத்துக்கு மனம் தானாகவே நிற்கிறது. அந்த நிலைப்பாட்டைப் பயன்படுத்திக்கொள்வதற்குத்தான் ஆசனம் உதவுகிறது. எனவே கீழிருந்து மேலாக, அவசரமின்றி, முதல் 20 நிமிடத்தை ஆசனங்களுக்கு ஒதுக்குங்கள்.

தாடாசனத்தில் நின்று, இரு பாதங்களிலும் எடை சமமாக இறங்குகிறதா என்று கவனிப்பதில் தொடங்கலாம். அடுத்து, உட்கார்ந்து பாதங்களைச் சேர்த்து வைக்கும் பத்தகோணாசனம். மூலாதாரத்தின் இடம் குதத்துக்கும் குறிக்கும் நடுவே உள்ளது. வெளிமூச்சு முடியும் தறுவாயில் அந்த இடத்தை மிக மெதுவாக உள்ளும் மேலுமாக இழுத்து, உள்மூச்சு வரும்போது முழுவதுமாகத் தளர்த்துங்கள். மூலபந்தத்தின் தொடக்கப் பாடம் இதுதான். இதில் பெரும்பாலோர் தடுமாறுவது ஒரே இடத்தில்: இடுப்பின் அடித்தளத்தை உயர்த்துவதாக எண்ணிக்கொண்டு பிட்டத்தையும் தொடையையும் இறுக்குவார்கள், கூடவே பல்லையும் கடிப்பார்கள். ஒரு கையை வயிற்றின்மீது வைத்துப் பாருங்கள். வயிறு கல்லாக இறுகினாலோ மூச்சு நின்றாலோ நீங்கள் செய்வது அளவுக்கு மிஞ்சியது என்று பொருள். இழுப்பு பாதியாகக் குறையட்டும். தளர்வுக்கு இரு மடங்கு நேரம் கொடுங்கள். இழுப்பதைக் காட்டிலும் தளர்த்துவதைக் கற்றுக்கொள்ளத்தான் நாளாகும்.

அடிவயிற்றுப் பகுதியாகிய சுவாதிட்டானத்துக்கு, குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் புஜங்காசனத்தை வைத்துக்கொள்ளலாம். கைகளால் தள்ளி எழாமல் முதுகின் வலிமையால் எழ வேண்டும். தொப்புள் பகுதியான மணிபூரகத்துக்கு, உட்கார்ந்து உடலைப் பக்கவாட்டில் திருப்பும் அர்த்த மத்ஸ்யேந்திராசனம் மிகவும் ஏற்றது. திரும்புதல் வயிற்றிலிருந்து தொடங்கி, மார்புக்கு ஏறி, கடைசியாகக் கழுத்துக்கு வர வேண்டும். கழுத்தை முதலில் திருப்பிவிட்டால் வயிற்றுக்கு வேலையே இல்லாமல் போய்விடும். நெஞ்சுப் பகுதியான அநாகதத்துக்கும் தொண்டைப் பகுதியான விசுத்திக்கும் சேர்த்து, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனம் ஒன்றே போதும். பழக்கமுள்ளவர்கள், முழங்காலிட்டுப் பின்னால் வளையும் உஷ்ட்ராசனத்தையும் செய்யலாம். பிறகு 3 நிமிடம், மல்லாந்து அசையாமல் ஓய்ந்து கிடக்கும் சவாசனம்.

அடுத்த 10 நிமிடம் நாடிசுத்தி. இடது நாசியால் இழுத்து வலது நாசியால் விட்டு, வலது நாசியால் இழுத்து இடது நாசியால் விட்டால் ஒரு சுற்று. முதல் சில மாதங்களுக்கு மூச்சை அடக்கி வைக்கும் கும்பகமே வேண்டாம். 4 எண்ணும் நேரத்தில் இழுத்து 6 எண்ணும் நேரத்தில் விடுங்கள். நொடிக்கு ஒன்றாக எண்ணினால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். மூச்சு இந்த வேகத்துக்கு இறங்கும்போது, உள்மூச்சில் சற்று விரைந்தும் வெளிமூச்சில் சற்று நிதானித்தும் நடக்கும் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் தெளிவாகக் கூடுவதை மருத்துவ ஆய்வுகளும் உறுதி செய்திருக்கின்றன. உடலை ஓய்வுக்குத் திருப்பும் நரம்புகள் நன்றாக வேலை செய்வதன் அறிகுறி அது. சக்கரங்கள் சமனாயின என்று பயிற்சி செய்பவர்கள் சொல்லும் நிம்மதியில் பெரும்பகுதி இந்த மூச்சிலிருந்துதான் வருகிறது என்று நான் கருதுகிறேன். இதைச் சொல்வதால் அந்த நிம்மதியின் மதிப்பு சிறிதும் குறைந்துவிடாது.

கடைசி 10 நிமிடம் அசையாமல் அமர்ந்து, மூலாதாரத்தில் லம், சுவாதிட்டானத்தில் வம், மணிபூரகத்தில் ரம், அநாகதத்தில் யம், விசுத்தியில் ஹம், புருவ மத்தியாகிய ஆக்ஞையில் ஓம் என்று அந்தந்த இடத்தில் மனத்தை வைத்து உள்ளுக்குள் சொல்லுங்கள். முதல் ஐந்தும் முறையே நிலம், நீர், நெருப்பு, காற்று, வான் ஆகிய பூதங்களின் வித்தெழுத்துகள். ஓர் இடத்துக்கு நாலைந்து மூச்சு போதும். மேலே சென்றவாறே கீழேயும் இறங்கி வந்து முடியுங்கள். சில இடங்களில் வெதுவெதுப்போ துடிப்போ தெரியும். சில இடங்களில் ஒன்றுமே தெரியாது. தெரியாத இடம் “அடைபட்ட” இடம் அல்ல. அங்கே கவனம் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். வற்புறுத்தாமல் அடுத்த இடத்துக்குச் செல்லுங்கள்.

கேள்வி: சக்கரங்கள் ஆறா, ஏழா? வானவில்லின் வண்ணங்களில்தான் அவற்றைத் தியானிக்க வேண்டுமா?

பதில்: தமிழ் மரபு ஆறு ஆதாரம் என்றே வழங்குகிறது. தலை உச்சிக்குரிய சகஸ்ராரம் இவற்றைக் கடந்த நிலையாக வைக்கப்படுவதால், அதையும் சேர்த்து எண்ணுபவர்கள் ஏழு என்கிறார்கள். வேறு எண்ணிக்கைகளைக் கூறும் தாந்திரிக நூல்களும் உண்டு. வானவில் வரிசை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலை நாட்டு எழுத்தாளர்கள் வழியாக நிலைபெற்றது. இன்றைய படங்களில் மஞ்சளாகக் காட்டப்படும் மணிபூரகம், பூர்ணானந்தரின் வருணனையில் கருமேக நிறம்; கருநீலமாகத் தீட்டப்படும் ஆக்ஞை அவருக்கு நிலவின் வெண்மை. வண்ணம் உங்கள் மனத்தை நிறுத்த உதவினால் ஏதேனும் ஒரு முறையை எடுத்துக்கொண்டு அதை மாற்றாமல் பின்பற்றுங்கள். உதவாவிட்டால் விட்டுவிடலாம்.

கேள்வி: எனக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு. விசுத்தியைத் தூண்டும் சர்வாங்காசனத்தை (தோள்களை ஊன்றிக் கால்களை மேலே உயர்த்தும் ஆசனம்) தினமும் செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். செய்யலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். சுரப்பி தர வேண்டிய ஹார்மோனைத்தான் அந்த மாத்திரை உங்கள் உடலுக்குத் தருகிறது. கழுத்தை மடித்து அழுத்துவதால் அந்தக் குறை ஈடாகும் என்பதற்குச் சான்று இல்லை. சிகிச்சையின்றி விட்டால் இதயம் உட்படப் பல உறுப்புகள் பாதிக்கப்படும். மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை.

சர்வாங்காசனத்தை ஓர் ஆசனமாக மட்டும் கற்றுக்கொள்ள விரும்பினால், கழுத்து எலும்புத் தேய்மானம், உயர் இரத்த அழுத்தம், கண் நீர் அழுத்தம் ஆகியவை இல்லை என்று தெரிந்துகொண்டு, ஆசிரியர் அருகில் இருக்கும்போது பழகுங்கள். தலைகீழ் நிலைகளில் கண்ணுக்குள் அழுத்தம் வெகுவாக உயர்கிறது என்பது அளந்து கண்ட உண்மை. விசுத்தியில் மனத்தை நிறுத்த ஆசைப்படுபவருக்குப் பிராமரி ஒன்றே போதும். வாயை மூடிக்கொண்டு வெளிமூச்சு முழுவதும் வண்டின் ரீங்காரம்போல ஒலியெழுப்பினால் தொண்டையின் அதிர்வு தெளிவாகவே தெரியும்.

கேள்வி: சில வாரங்களாகப் புருவ மத்தியில் மனத்தை வைத்து, மூச்சை அடக்கி, நீண்ட நேரம் அமர்ந்து வருகிறேன். இப்போது தலை உச்சியில் சூடு, இரவெல்லாம் விழிப்பு, காரணமில்லாத பயம். மூலாதாரத்தில் உறங்குவதாகச் சொல்லப்படும் சக்தியான குண்டலினி எழுகிறது, நிறுத்தாதே என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இன்றே நிறுத்துங்கள். தூக்கம் கெடுவதையும் பயம் மிகுவதையும் முன்னேற்றத்தின் அடையாளமாகக் கொள்ளச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவதுபோல மூச்சைப் படிப்படியாகத்தான் வசப்படுத்த வேண்டும், இல்லையேல் அது பழகுபவரையே கொல்லும் என்று ஹட யோக பிரதீபிகை மிகக் கடுமையாகவே எச்சரிக்கிறது. கும்பகம், வேகமாக மூச்சு விடும் பயிற்சிகளான கபாலபாதி, பஸ்திரிகா, நெடுநேரத் தியானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, திறந்த வெளியில் நடை, நேரத்துக்கு உணவு, குடும்பத்தாரோடு பேச்சு என்று இருங்கள். படுக்குமுன் வெளிமூச்சை மட்டும் சற்று நீட்டி, கவனத்தைப் பாதங்களில் வையுங்கள். ஒரு வாரத்தில் தூக்கம் திரும்பாவிட்டாலோ, பிறர் காதில் விழாத குரல் கேட்டாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு தலைகாட்டினாலோ, உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்படிப் போவதால் உங்கள் சாதனைக்கு எந்த இழுக்கும் இல்லை. இதைப் படித்ததும் வீட்டில் ஒருவரிடமாவது உங்கள் நிலையைச் சொல்லிவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 67. முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாது. ஆதார தியானம் எனக்குக் கைகூடாதா?

பதில்: கைகூடும். யோக சூத்திரத்தில் பதஞ்சலி ஆசனத்துக்கு வைக்கும் நிபந்தனை, உறுதியும் சுகமும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதே. தரையில் அமர்ந்தே ஆக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கைப்பிடியில்லாத, ஆடாத நாற்காலியின் முன்பாதியில் அமர்ந்து, இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படியும்படி வையுங்கள். கால் எட்டாவிட்டால் கீழே ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருந்தால் முதுகு வலிந்து நிமிர்த்தாமலே நிமிரும். அதற்கு மடித்த போர்வை ஒன்றை இருக்கையில் விரித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன நாடிசுத்தியையும் வித்தெழுத்துத் தியானத்தையும் இப்படி அமர்ந்தே செய்யலாம். வலக்கை நாசிக்கு உயர்ந்தே இருப்பதால் தோள் வலித்தால், இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 5 நிமிடம் நாடிசுத்தி, 5 நிமிடம் தியானம் போதும். உடல் கேட்டால் பின்னர் கூட்டிக்கொள்ளலாம்.