ஒரு தனிமனிதரின் கையெழுத்தில் நடந்த போர்

கேள்வி: அமெரிக்கா உருவான காலத்தில் வணிகத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர்களில் யாரை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்?

ராபர்ட் மோரிஸை. வாஷிங்டன், ஜெஃபர்சன் என்று அடுக்குபவர்கள் இவரை விட்டுவிடுவது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

1734இல் லிவர்பூலில் பிறந்தவர். சிறுவயதிலேயே அமெரிக்காவுக்கு வந்து, பிலடெல்பியாவில் வில்லிங் குடும்பத்தாரிடம் கப்பல் வணிகம் பழகி, 1757இல் அவர்களுக்கே பங்காளியானார். அந்த நிறுவனம் அடிமை வணிகமும் செய்தது. அதை மறைத்து இவரைப் புகழ்வது நியாயமில்லை.

1776 ஜூலையில், பிரிட்டனிடமிருந்து பிரியும் விடுதலைத் தீர்மானம் மாநிலப் பிரதிநிதிகளின் சபையான காங்கிரசில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, இன்னும் காலம் கனியவில்லை என்று கருதி ஒதுங்கி நின்றார். ஆனால் ஆகஸ்டில் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அதன் பிறகு பின்வாங்கவே இல்லை.

பிரிட்டனுடன் போர் நடந்துகொண்டிருந்த 1781இல் நாட்டின் நிதிப் பொறுப்பு அவரிடம் வந்தபோது கஜானா காலி. வரி விதிக்கும் அதிகாரம் காங்கிரசுக்குக் கிடையாது. மாநிலங்கள் மனம் வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. அச்சடித்த காகிதப் பணமோ மதிப்பிழந்து கிடந்தது. அந்த நிலையில் மோரிஸ் தம் சொந்தப் பெயரில் கடன் சீட்டுகளை வெளியிட்டார். நாட்டின் பணத்தை நம்பாதவர்கள் இந்த மனிதரின் கையெழுத்தை நம்பினார்கள்! போரின் முடிவைத் தீர்மானித்த யார்க்டவுன் சண்டைக்குச் சென்ற வீரர்கள் சம்பளம் கேட்டு முரண்டு பிடித்தபோது, திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்து, பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவிடம் 20,000 டாலர் நாணயமாகக் கடன் வாங்கினார். வாஷிங்டனின் போர்த்திறனைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பேன். 1782இல் வட அமெரிக்க வங்கி திறக்கப்பட்டதும் இவர் முயற்சியால்தான்.

பின்னர் பென்சில்வேனியாவின் செனட்டரானார். வாஷிங்டன் தர முன்வந்த நிதியமைச்சர் பதவியை மறுத்து, ஹாமில்டனைப் பரிந்துரைத்தார்.

நாட்டுக்காகக் கடன் வாங்கத் துணிந்த அதே கை, பிறகு நிலத்துக்காகவும் வாங்கிக் குவித்தது. பல லட்சம் ஏக்கர் காட்டு நிலம், எல்லாம் கடனில். குடியேற வருவோருக்கு விற்றுவிடலாம் என்பது கணக்கு. எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் வாங்கவில்லை. ஐரோப்பியப் போரால் அங்கிருந்து வரவேண்டிய பணமும் வற்றியது. 1798 பிப்ரவரியில் கடன் கொடுத்தவர்கள் அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அங்கே வாஷிங்டன் நேரில் வந்து அவருடன் உணவருந்தினார். 1800ஆம் ஆண்டின் திவால் சட்டம் வந்த பிறகே, 1801இல் விடுதலை கிடைத்தது. அப்போது கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் கடன் நின்றது. 1806இல் இறக்கும்வரை, மனைவி மேரிக்கு ஒரு நில நிறுவனத்திடமிருந்து வந்த ஆண்டுத்தொகையில்தான் குடும்பம் நடந்தது.