பவர் பேங்கும் கேம்பாய் அட்வான்ஸும்

தம்பி, ஐபிஎஸ் என்னும் பளிச்சென்ற எல்சிடி திரை மாற்றிய கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க வீடியோ கேம் கருவியின் பேட்டரி முனைகளில் பவர் பேங்கை நேரடியாக இணைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. அது இரண்டு ஏஏ பேட்டரிக்கு, அதாவது 3 வோல்ட்டுக்கு அமைந்தது; யுஎஸ்பியில் வருவதோ 5 வோல்ட். மதுரை டவுன்ஹால் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பக் கன்வெர்ட்டர், அதாவது வோல்ட்டைக் குறைத்துத் தரும் சிறு பலகை, கேட்டுப் பாருங்கள். கேம்பாயை இணைக்கும் முன்பே, பவர் பேங்கைக் கன்வெர்ட்டரின் உள்ளீட்டில் கொடுத்து, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை அதன் வெளியீட்டு முனைகளில் வைத்து, கன்வெர்ட்டரிலுள்ள சிறு பித்தளைத் திருகை 3.0 காட்டும்வரை திருப்புங்கள். சில சுற்றுகள்வரை எண் அசையாமலே கிடக்கும், பொறுமை வேண்டும். பிறகு ப்ளஸ், மைனஸ் பார்த்து, வெளியீட்டைக் கேம்பாயின் பேட்டரி முனைகளில் சால்டர் வைத்துப் பற்றவையுங்கள்.

இன்னொன்று: இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைந்தால் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். இயர்போன் சார்ஜ் செய்யும் குறைமின்னோட்ட வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆரப்பாளையத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸில் விளையாடத்தான் என்றால், ரீசார்ஜ் செய்யும் ஏஏ இரண்டு ஜோடியே போதும் என்பேன்.