கேமரன் மலையில் மலைவாழ் மக்களின் பண்பாடும் அன்றாட வாழ்க்கையும் எப்படி இருக்கும்?

நான் மலேசியாவின் கேமரன் மலையில் இருக்கும் ரிங்லெட் ஊர்க்காரன், தாத்தா காலத்திலிருந்து தேயிலைத் தோட்டக் குடும்பம். ஆனாலும் மலைவாழ் மக்கள் என்று கேட்டால் அது நாங்கள் இல்லை. வில்லியம் கேமரன் வந்து இந்த மலையை அளந்தது 1885ல், ‘போ’ (Boh) என்ற தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929ல், எங்கள் ஆட்கள் தேயிலையோடு ஏறி வந்தவர்கள். அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே இங்கே இருப்பவர்கள் செமாய் மக்கள். ஓராங் அஸ்லி என்கிற தீபகற்ப மலேசியப் பூர்வகுடிகளின் 18 இனங்களில் இவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், பேராக், பகாங் மாநிலங்களில் பரவியிருக்கிறார்கள். பேசும் மொழி மலாய் வகை அல்ல, கம்போடியாவின் கெமருக்குத் தூரத்துச் சொந்தம்.

மலையடிவாரத்துத் தாப்பா ஊரிலிருந்து பழைய ரோட்டில் ஏறி வந்தால் பார்த்திருப்பீர்கள், மூங்கில் கொட்டகையில் பெத்தாய் என்ற காட்டு அவரைக்காய் கொத்துக் கொத்தாகத் தொங்கும், பாட்டிலில் தேன் இருக்கும். நம் ஆட்கள் வண்டியை நிறுத்திப் பேரம் பேசிவிட்டு, வேட்டைக்கு அம்பு ஊதும் ஊதுகுழல் இருக்கிறதா, அந்த அம்பில் தடவும் ஈப்போ மரத்து விஷம் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். அது இருக்கட்டும், இன்றைக்குப் பலர் காய்கறித் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள்.

எனக்குப் பிடித்தது வேறு. ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்ட சாப்பாட்டைக் கொடுக்காமல் விட்டால், ஏங்கிப்போன அந்த ஆளுக்குக் கெட்டது நடக்கும், பாம்பு கடிக்கும், கீழே விழுந்து அடிபடும் என்பது அவர்கள் நம்பிக்கை. புனான் என்பார்கள். நம் வீட்டிலும் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கக் கொடுக்காமல் சாப்பிட்டால் வயிற்றை வலிக்கும் என்று சொல்வோம், ஆனால் நமக்குப் பயம் நம் வயிற்றைப் பற்றி, அவர்களுக்கு எதிரில் இருப்பவனைப் பற்றி. அதனால்தான் வேட்டையில் பெரிதாக எது கிடைத்தாலும் பங்கு போட்டு எல்லா வீட்டுக்கும் போகும்.

அப்புறம் சண்டை. கைகலப்பு என்றாலே அவர்களுக்கு அவ்வளவு அச்சம். இருவருக்குள் தகராறு முற்றினால் ஊர்த்தலைவர் வீட்டில் பெச்சாரா கூடும், அதாவது பேச்சு, வெறும் பேச்சு, ராத்திரி பகல் என்று நீளும். சத்தம் போடுவதில்லை, ஒருவர் பேச்சை மற்றவர் மறிப்பதில்லை, சொன்னதையே பத்து முறை சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், இனி சொல்ல ஒன்றுமில்லை என்று எல்லோரும் ஓய்ந்த பிறகுதான் தலைவர் இரு தரப்புக்கும் புத்தி சொல்வார். முடிந்ததை மறுபடி கிளறினால் அபராதம். இந்த ஒரு விதியை எங்கள் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் வைத்தால் பாதிப் பேர் கடனாளி ஆகிவிடுவார்கள்.

சரி, நேரில் பார்க்க வேண்டுமென்றால் சொல்லாமல் கொள்ளாமல் கிராமத்துக்குள் நுழைந்து போனை நீட்டாதீர்கள். பெத்தாய் வாங்குங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள், அவர்களாகக் கூப்பிட்டால் போங்கள்.